3612-ஆம் மெட்டு

எர்லாங்கன்,
ஜனவரி 12, 2024

அன்புள்ள அண்ணா,

இங்கே நான் நலம். பனி உறைந்து சைக்கிள் பாதையெல்லாம் வழுக்குகிறது. போன வாரம் ஒரு தடவை விழுந்தேன். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். உன் இருமல் விட்டதா? டோர்ட்மண்டில் டாக்டரிடம் போனாயா, இல்லை இன்னும் மிளகுப் பாலில்தான் ஓட்டுகிறாயா?

கடிதம் எழுதுகிறாளே என்று சிரிக்காதே. போனில் பேசினால் நீ “ம், ம், சொல்லு” என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பில் டைப் அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்கிறது. கடிதமென்றால் படித்தாக வேண்டும், பதிலும் எழுதியாக வேண்டும். நான் ஆராய்ச்சி செய்கிற லோரென்ஸ் வைட்னரும் வாழ்நாள் முழுக்கக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தவர்தான்.

அவரைப் பற்றி நீ ஒருநாளும் கேட்டதில்லை, நானே சொல்கிறேன். இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பள்ளி வாத்தியாருக்கு மகனாகப் பிறந்தார். எர்லாங்கனில் இறையியல் படித்தார். பிறகு முப்பது வருஷம் சபை சபையாக நடந்தே போய், ஜனங்கள் பாடுகிற ஞானப்பாட்டு மெட்டுகளைக் கேட்டுக் கேட்டு எழுதினார். ஐயாயிரத்துக்கும் மேலே. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். பெர்லினில் இருந்த பெரிய பேராசிரியர்கள் ‘மெட்டு எண்ணும் வாத்தியார்’ என்று கேலி செய்தார்கள். அவர் பாட்டுக்கு எண்ணிக்கொண்டே இருந்தார்.

இப்போது கவனமாகப் படி. அவருடைய 3612-ஆம் மெட்டு, டீஃபன்ராய்ட் என்ற ஊரில் மாவுமில்காரரின் விதவை ஒருத்தி பாடியது. ‘தோற்றம் தெரியவில்லை, நம் நாட்டு ஓசையாக இல்லை’ என்று எழுதியிருக்கிறார். அதை வாய்விட்டுப் பாடிப் பார்த்தேன். அண்ணா, அது நம் மயிலாடுதுறை சர்ச்சில் கிறிஸ்மஸுக்குப் பாடுகிற ‘தொழுவத்து வைக்கோலே’! சத்தியமாக அதேதான். அந்த எண்ணைப் பார்த்தபோதே ரொம்ப நாள் பழகிய எண் மாதிரி இருந்தது. கர்த்தர் நடத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நம் ஊர் மெட்டு ஒன்றை, நம் பக்கம் வந்த ஏதோ ஒரு ஜெர்மன் மிஷனரி இங்கே கொண்டுவந்திருக்கிறார். இதை நிரூபித்துவிட்டால் என் ஆய்வேட்டின் நாலாம் அத்தியாயம் இதுதான். அக்டோபர் கருத்தரங்கில் பேசலாம். அதை வைத்துத்தான் இரண்டு வருஷ வேலை ஒன்றுக்கு என் பெயரை அனுப்புவதாகப் பேராசிரியை ஃபிராவ் லேமன் சொல்லியிருக்கிறார். நீதானே சர்ச் பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்தாய்? அந்த மெட்டு யாரிடமிருந்து வந்தது? யோசித்து எழுது.

உன் பதிலுக்குத் தபால் பெட்டியைத் தினம் இரண்டு முறை திறக்கப்போகிற,
நிவேதிதா


டோர்ட்மண்ட்,
பிப்ரவரி 9, 2024

அன்புள்ள நிவி,

இருமல் விட்டுவிட்டது. மிளகுப் பால்தான். முழங்கால் ஆறிவிட்டதா? ஹெல்மெட் போடுகிறாயா? அங்கே எல்லோரும் சைக்கிளில் போகிறார்கள் என்பதற்காக நீயும் போக வேண்டுமா? பஸ் என்று ஒன்று இருக்கிறது.

ஆபீஸில் புது புராஜெக்ட். தினம் நாலு மீட்டிங். பக்கத்து வீட்டு சிவகௌரி அக்கா தட்டை சுட்டுக் கொடுத்தார், பாதியை உனக்கு அனுப்பியிருக்கிறேன். பார்சலில் நொறுங்கியிருந்தால் தயிர்சாதத்தில் போட்டுச் சாப்பிடு. கையெழுத்து கோணலாக இருக்கிறது, பேனா பிடித்துப் பத்து வருஷம் ஆயிற்று.

உன் வைட்னர் நல்ல மனிதராகத் தெரிகிறார். அவருடைய பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

வேளாவேளைக்குச் சாப்பிடு.
உதய்


எர்லாங்கன்,
பிப்ரவரி 20, 2024

அன்புள்ள அண்ணா,

நலம். தட்டை தூளாகத்தான் வந்தது, ஆனாலும் ஒரு துகள் மிச்சமில்லை. சிவகௌரி அக்காவுக்கு என் நன்றியைச் சொல்.

வைட்னருக்கு ஒரே மகள். கடைசிக் காலத்தில் அவருக்குக் கண் மங்கியபோது அவள்தான் எல்லாவற்றையும் படித்துச் சொன்னாள். போதுமா? நான் ஒன்று கேட்டால் நீ ஒன்று கேட்கிறாய். மெட்டைப் பற்றி ஒரு வரி இல்லை.

பரவாயில்லை, நானே ஜெயச்சந்திரன் மாஸ்டருக்குப் போன் செய்துவிட்டேன். எழுபத்துநாலு வயதிலும் இன்னும் அவர்தான் பாடகர் குழுவை நடத்துகிறார். என்ன சொன்னார் தெரியுமா? “வார்த்தைதாம்மா என்னோடது. மெட்டு உங்க அண்ணன் கொண்டுவந்தது. தரங்கம்பாடி கடற்கரையில வலை பின்னிட்டிருந்த ஒரு அம்மா பாடக் கேட்டானாம். ரெண்டாயிரத்து ஒண்ணுன்னு நினைக்கிறேன்.” உலகத்திலேயே இதற்கு ஒரே சாட்சி என் கூடப்பிறந்தவன்! இதை நீ எப்படி எனக்குச் சொல்லாமல் இருந்தாய்?

அந்த அம்மாவின் பெயர் என்ன? எந்தத் தெரு? எத்தனை வயதிருக்கும்? ஞாபகம் இருக்கிற எல்லாவற்றையும் எழுது. சின்ன விஷயம் என்று எதையும் விட்டுவிடாதே.

ஆவலோடு,
நிவி


டோர்ட்மண்ட்,
ஏப்ரல் 2, 2024

அன்புள்ள நிவி,

ஈஸ்டர் வாழ்த்து. தாமதத்துக்கு மன்னித்துக்கொள். நான் நலம், நீ நலமா?

அந்த விஷயம் சரியாக ஞாபகம் இல்லை. அப்போது எனக்குப் பதினைந்து வயது. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் யார் என்ன பாடினார்கள் என்று எப்படிச் சொல்வது? ஒரே ஒரு மெட்டை நம்பி ஒரு அத்தியாயமே எழுதுவது ரிஸ்க் இல்லையா? அதை விட்டுவிட்டு அவருடைய வாழ்க்கையை மட்டும் எழுதலாமே. உனக்கு நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உதய்


எர்லாங்கன்,
ஏப்ரல் 10, 2024

அண்ணா,

நலம்தான், ஆனால் உன்மேல் கோபமாக இருக்கிறேன். அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். மூன்று மாதமாக நான் சோறு தண்ணி மறந்து ஒரு காரியத்தில் இறங்கியிருக்கிறேன், நீ ‘விட்டுவிடு’ என்கிறாய். விடமாட்டேன். இந்த மெட்டைப் பற்றிய என் கட்டுரையை ஒரு ஆய்வுப் பத்திரிகையில் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கருத்தரங்கில் எனக்கு முதல் நாளே நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

வைட்னரை யாரும் விடச்சொல்லாமலா இருந்தார்கள்? நேற்று ஆவணக் காப்பகத்தில் அவருடைய திருத்தநோட்டைப் பார்த்தேன். புத்தகம் அச்சான பிறகு தன் தப்புகளைத் தானே தேடித் தேடி சிவப்பு மையில் எழுதிவைத்த நோட்டு. மொத்தம் இருநூற்றுப் பதினாலு திருத்தங்கள். ஒவ்வொன்றிலும் எண், தேதி, பிறகு ‘நான் பிழைசெய்தேன்’ என்று ஒரு வரி, கையெழுத்து. ஒரு எண்ணைக்கூட அவர் நீக்கவில்லை. தப்பான மெட்டும் தன் எண்ணோடு அப்படியே இருக்கிறது. நீக்கினால் அடுத்தடுத்த எண்களெல்லாம் மாறி, அவரை நம்பி எழுதினவர்களுடைய கணக்கும் குழம்பிவிடும் என்று மகளுக்குக் காரணம் சொல்லியிருக்கிறார். எத்தனை பிடிவாதம் பார்.

எனக்கும் அதே பிடிவாதம் உண்டு. நீ பெயர் சொல்லாவிட்டால் போகிறது. ஜூலையில் டிக்கெட் போடுகிறேன். தரங்கம்பாடியில் மீனவர் தெரு ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கி, அந்த அம்மாவின் குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் திரும்புவேன்.

நிவேதிதா


டோர்ட்மண்ட்,
ஏப்ரல் 28, 2024

அன்புள்ள நிவி,

நலமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. டிக்கெட் போடாதே. அப்படி ஒரு அம்மா இல்லை.

அந்த வருஷம் நானே ஒரு மெட்டுப் போட்டு மாஸ்டரிடம் வாசித்துக் காட்டினேன். “சொந்த மெட்டெல்லாம் வேண்டாம்டா, சினிமா வாசனை அடிக்குது” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அவமானம் தாங்கவில்லை. சர்ச் அறை பீரோவில் மிஷனரிகள் விட்டுப்போன ஜெர்மன் புத்தகங்கள் இருந்தனவே, அதில் முதல் பக்கம் கிழிந்த தடிமனான புத்தகம் ஒன்று. எழுத்து புரியவில்லை, ஆனால் இசைக்குறிப்பு புரிந்தது. பாதிக்கு மேல் புரட்டி ஒரு மெட்டை எடுத்தேன். அதை நாலு மடங்கு மெதுவாக்கி, ஸ்வரங்களை வளைத்து, குழைத்து, தரங்கம்பாடியில் ஒரு அம்மா பாடினார் என்று சொல்லி வாசித்தேன். மாஸ்டர் கண்ணில் தண்ணீர். அந்தக் கிறிஸ்மஸுக்கு சபையே அழுதது, நம் அம்மாவும் அழுதார். அதற்கப்புறம் எந்த வாயால் உண்மையைச் சொல்வேன்?

அந்த மெட்டின் பக்கத்தில் இருந்த எண் 3612. உனக்கு அது ஏன் பழகிய எண்ணாகத் தெரிந்தது என்று சொல்லவா? நான் காலேஜுக்குப் போனபிறகு நீ ஓட்டினாயே என் பச்சை சைக்கிள், அதன் சங்கிலிப் பூட்டின் எண் என்ன? நான்தான் வைத்தேன்.

உன் முதல் கடிதத்தைப் படித்த அன்றே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. உன் வைட்னரின் புத்தகம்தான் அது. போனில் கேட்டிருந்தால் என் குரலே காட்டிக்கொடுத்திருக்கும். கடிதமாக இருந்ததால் ஒளிந்துகொள்ள முடிந்தது. உன் வேலை போய்விடுமே என்றுதான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் நிஜம். மீதி, வெட்கம்.

உதய்


டோர்ட்மண்ட்,
ஜூன் 20, 2024

அன்புள்ள நிவி,

சாப்பிடுகிறாயா? தூங்குகிறாயா? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தாலும் எடுக்கவில்லை. கோபித்துக்கொள், ஆனால் இருக்கிறேன் என்று மட்டும் எழுதிவிடு.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் கடிதத்தை நான் தபாலில் சேர்க்கவில்லை. எழுதி, ஒட்டி, ஸ்டாம்ப்பும் ஒட்டி, சாவி மாட்டுகிற இடத்தில் மூன்று வாரம் வைத்திருந்தேன். ஒருநாள் சிவகௌரி அக்கா பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தார்.

“தம்பி, இந்தக் கடிதம் கனநாளா இதிலையே கிடக்குது. போடேல்லையோ?”

“மனசு வரல அக்கா. படிச்சா தங்கச்சி தாங்கமாட்டா.”

“அதை நீங்கள் எப்பிடி முடிவு செய்யிறது? அவதான் படிச்சிட்டுச் சொல்லோணும். நான் இப்ப போஸ்டுக்குத்தான் போறன், குடுங்கோ.”

“இல்லக்கா, அப்புறம்...”

“பிறகு பிறகு எண்டு வைச்சிருக்க ஏலாது தம்பி. குடுங்கோ எண்டுறன்.”

கொடுத்துவிட்டேன். கீழே கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் ஓடிப்போய் வாங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அந்த அளவுக்குக் கோழை உன் அண்ணன்.

உதய்


எர்லாங்கன்,
ஜூலை 8, 2024

அண்ணா,

இருக்கிறேன். சாப்பிடுகிறேன். உன் கடிதத்தைப் படித்த அன்று இரண்டையும் செய்யவில்லை.

முதலில் உன்னைத் திட்டித் தீர்த்தேன். பிறகு என்னை. சைக்கிள் பூட்டு எண்ணைக் கர்த்தருடைய நடத்துதல் என்று எழுதியவள் ஆராய்ச்சியாளராம்! அந்தப் பூட்டை ஆறு வருஷம் என் கையாலேயே திருகியிருக்கிறேன். மெட்டு நம் ஊருடையதாக இருக்க வேண்டும் என்று எனக்கு அத்தனை ஆசை. அதனால் ஒரே ஒரு சாட்சி போதும் என்று விட்டுவிட்டேன். இந்த வெட்கம் உன்னுடையதைவிடப் பெரியது. ஏனென்றால் எனக்குப் பதினைந்து வயதில்லை.

இரண்டு வாரம் ஒரு விபரீத யோசனை இருந்தது. விஷயம் தெரிந்தவன் நீ ஒருவன். நீயும் சொல்லமாட்டாய். அப்படியே விட்டால் என்ன? தினமும் காப்பகத்தில் அந்தத் திருத்தநோட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு இதையே யோசித்தேன். ஒருநாள் அதை மூடிவைத்துவிட்டு நேரே ஃபிராவ் லேமன் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கட்டுரையைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். கருத்தரங்கில் என் நேரம் போயிற்று. அந்த இரண்டு வருஷ வேலைக்கு வேறு ஒருவர் பெயர் போயிருக்கிறது. என் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது.

அழுதேன், போதும் போதும் என்கிற வரை அழுதேன். இனி அழப்போவதில்லை. மார்ச்சுக்குள் ஏட்டை முடிக்கப்போகிறேன், நாலாம் அத்தியாயத்தை மறுபடி முதலிலிருந்து எழுதி. அதற்கு நீ எனக்கு மூன்று காரியம் செய்ய வேண்டும். செய்யலாமா என்று கேட்கவில்லை. ஒன்று, நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அடுத்தது, மாஸ்டரிடம் நீயே சொல்லு. சிவகௌரி அக்காவை அனுப்பாதே. அந்தப் புத்தகம் இன்னும் பீரோவில் இருந்தால் அந்தப் பக்கத்தின் போட்டோவும் எனக்கு வேண்டும்.

உன் தங்கைதான், சந்தேகப்படாதே.
நிவி


டோர்ட்மண்ட்,
ஆகஸ்ட் 30, 2024

அன்புள்ள நிவி,

நலம். நீ கேட்ட மூன்றும் முடிந்தது. அறிக்கை இதோடு இருக்கிறது. நாலு பக்கம். ஆபீஸில்கூட இவ்வளவு நீளமாக நான் எதையும் எழுதியதில்லை.

மாஸ்டருக்குக் கடிதம் போட்டேன். இரண்டு வாரம் சத்தமே இல்லை. அப்புறம் போன் வந்தது. “இருபத்துமூணு வருஷமா பீடத்துக்கு முன்னாடி என்னைப் பொய் சொல்ல வச்சியேடா பாவி!” மூச்சு விடாமல் திட்டினார். நான் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு எழுந்து நின்றுகொண்டே கேட்டேன். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, “பாட்டை நிறுத்த முடியாதுடா, ஜனங்க விடமாட்டாங்க. ஆனா இந்தக் கிறிஸ்மஸ்ல பாடறதுக்கு முன்னாடி இது எங்கேருந்து வந்த மெட்டுன்னு நானே எழுந்து சொல்லப்போறேன். உன் பேரையும் சொல்லுவேன். வெட்கப்படறதுன்னா அங்கேயே உக்காந்து படு” என்றார்.

பீரோவைத் திறந்து போட்டோ எடுத்து அனுப்பியதும் அவர்தான். பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். பார்த்தால் உனக்குச் சிரிப்பு வரும். உன் வைட்னரின் 3612-க்கு மேலே பென்சிலில் ச, ரி, க என்று எழுதி, ஓரத்தில் ‘மெதுவா, இன்னும் மெதுவா’ என்று போட்டிருக்கிறேன். என் கையெழுத்து அன்றைக்கும் கோணல்தான்.

வேலை விஷயம் என் நெஞ்சிலேயே நிற்கிறது, நிவி. மன்னித்துக்கொள் என்று எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். கேட்காமலும் இருக்க முடியவில்லை. மன்னித்துக்கொள்.

உதய்


எர்லாங்கன்,
அக்டோபர் 5, 2024

அன்புள்ள அண்ணா,

நலம். குளிர் ஆரம்பித்துவிட்டது, ஹெல்மெட்டும் போடுகிறேன், சந்தோஷமா?

உன் பென்சில் எழுத்தைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு அந்தப் பக்கத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் தொகுதியின் முன்னுரையில் வைட்னர் ஒன்று எழுதியிருக்கிறார். நான் அதை முன்பே படித்திருக்கிறேன், மனதில் பதியவில்லை. ‘நான் திரட்டியவற்றில் பெரும்பாலானவற்றை இனி யாரும் பாடப்போவதில்லை. இவற்றில் ஒன்றாவது மறுபடி மனிதர் வாயில் ஏறுமானால் என் நடை வீணில்லை’ என்கிறார். நாலு வருஷமாகத் தேடுகிறேன், அவருடைய புத்தகத்திலிருந்து எடுத்து யாரும் எதையும் பாடியதற்கு ஆதாரமே இல்லை. உன்னுடையதைத் தவிர. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் நானூறு பேர்! என் நாலாம் அத்தியாயம் இப்போது இதுதான். ஃபிராவ் லேமன் இரண்டு முறை படித்துவிட்டு, “இதை எழுதி முடி” என்று மட்டும் சொன்னார். போன வேலை போனதுதான், அது திரும்பி வராது. மார்ச்சுக்கு அப்புறம் என்ன என்று இன்னும் தெரியவில்லை. முடிப்பேன் என்பது மட்டும் தெரியும்.

அத்தியாயத்தின் முடிவில் வைட்னர் நோட்டில் எழுதிய அதே முறையில் இருநூற்றுப் பதினைந்தாவது திருத்தம் ஒன்றைச் சேர்த்திருக்கிறேன்:

‘3612. டீஃபன்ராய்ட். தோற்றம் தெரியவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்ததென்று கருதினேன், ஆதாரம் இல்லை. இந்த நூலிலிருந்து எடுத்துப் பாடப்படுகிறது: மயிலாடுதுறை, 2001 முதல். கொண்டுசென்றவர்: உதய், வயது பதினைந்து. நான் பிழைசெய்தேன். நிவேதிதா.’

போன ஞாயிறு டீஃபன்ராய்டுக்குப் போனேன். ஆராதனையில் மொத்தம் ஒன்பது பேர். அந்த மெட்டை அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஆராதனை முடிந்ததும் பாதிரியார் கேட்டுக்கொண்டதால் பாடினேன், தமிழில், நம் வேகத்தில். பிறகு முன்வரிசையில் இருந்த ஒரு பெண்மணி, “இது எங்களுடையதா?” என்று கேட்டார். ஆமாம், உங்களுடையதுதான் என்றேன். டிசம்பர் முதல் ஞாயிறு அவர்களும் பாட ஆசைப்படுகிறார்கள். சர்ச்சில் நல்ல ஆர்கன் இருக்கிறது, இரண்டு வருஷமாக வாசிக்க ஆளில்லையாம்.

ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான்.

நிவி


டோர்ட்மண்ட்,
நவம்பர் 20, 2024

அன்புள்ள நிவி,

நலம். இருமல் மறுபடி வந்து, இந்தத் தடவை டாக்டரிடம் போனேன்.

ஆர்கனில் காலாலும் வாசிக்க வேண்டும் என்று உனக்குத் தெரியுமா? எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. இங்கே ஒரு சர்ச்சில் கேட்டுக்கொண்டு, ஆபீஸ் விட்டதும் தினமும் ஒரு மணி நேரம் பழகுகிறேன். சிவகௌரி அக்கா ஒருநாள் கேட்க வந்தார். “கை பரவாயில்லைத் தம்பி, கால்தான் உங்கட சொல் கேக்குதில்லை” என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்கவைத்துவிடுவேன்.

29-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மதியம் எர்லாங்கன் ஸ்டேஷனில் இறங்குகிறேன். டீஃபன்ராய்டில் அவர்கள் எந்த வேகத்தில் பாட ஆசைப்படுகிறார்கள் என்று கேட்டு வை, அவர்களுடையதா, நம்முடையதா. இரண்டையும் பழகியிருக்கிறேன்.

உன் ஏட்டைப் பற்றி ஒரே ஒரு விஷயம். அச்சுக்குப் போகும் முன் அந்தத் திருத்தத்தின் கடைசி வரியை மாற்று. ‘நாங்கள் பிழைசெய்தோம்’ என்று போடு. உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் எனக்கும் கொஞ்சம் இடம் விடு. நேரில் வந்து போடுகிறேன்.

உன் அண்ணன்,
உதய்